சந்தனக் காப்பும் ஒரு சதுர மூடியும்

வட திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் சந்நிதியில் ஆண்டு முழுவதும் நாம் தரிசிப்பது சந்தனக் காப்பிட்ட திருமேனியை. தொண்டைமான் மன்னன் குறும்பர்களை அடக்கப் படையோடு வந்தபோது, அவனுடைய யானையின் கால்களை முல்லைக்கொடி பின்னிக்கொண்டது. கொடியை அறுக்க அவன் ஓங்கிய வாள், அடியில் மறைந்திருந்த சிவலிங்கத்தின்மேல் பட்டுக் குருதி பெருகிற்று என்கிறது தலபுராணம். அந்தக் காயம் குளிரவே இந்தச் சந்தனம். சித்திரை மாதத்துச் சதய நட்சத்திரத்தன்று மட்டும் அது களையப்படுகிறது. நீண்ட வரிசையில் நின்று, கொடியிடை நாயகியின் நாமத்தைச் சொல்லிக்கொண்டே நகர்ந்து, உள்ளே சில நொடிகள் அந்த உண்மைத் திருமேனியைக் காண்கிறோம். வாளின் வடுவைத் தாங்கியவருக்கு மாசிலா மணி என்று பெயர்.

என் மாமனார் ஒரு சதயத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. அம்பத்தூருக்கு மேற்கே அடுத்த ரயில் நிலையம்தான் திருமுல்லைவாயில். தரிசனம் முடித்து வீட்டுக்கு வந்ததும் அவர் சாப்பிட உட்கார மாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடையில் இருந்த ஒரு கருங்கல் பலகையை இரும்புக் கொக்கியால் தூக்குவார். கீழே செங்கல் வைத்துக் கட்டிய ஒரு குழி. அதற்குள் மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கும் குளியலறைக்கும் போகும் குழாய். குழாயின் நடுவில் பித்தளைத் தலையுடன் ஒரு கேட் வால்வு. அதைக் கடைசிவரை மூடுவார். சமையலறைக் குழாயைத் திறக்கச் சொல்லி, "நின்றுவிட்டதா, அம்மா?" என்று கேட்பார். "நின்றுவிட்டது, மாமா" என்றதும் முழுதும் திறந்து, கால் சுற்றுப் பின்னால் திருப்பி நிறுத்துவார். தண்டு ஒரே நிலையில் முட்டி நின்றால் துருவேறி இறுகிவிடும் என்பது தொழிற்சாலையில் முப்பது ஆண்டு இயந்திரங்களோடு பழகியவரின் கணக்கு. பிறகு பலகையை மூடிக் கையைக் கழுவிக்கொண்டு இலைக்கு வருவார்.

நான் 1986ஆம் ஆண்டு மருமகளாக இந்த வீட்டுக்கு வந்தேன். முதல் ஆண்டு இதைப் பார்த்தபோது ஏதோ நேர்த்திக்கடன் என்றே நினைத்தேன். ஆண்டுக்கு ஒரு முறையாவது வால்வைத் திருப்பியாக வேண்டும், மறக்காமலிருக்க ஒரு நாள் வேண்டும், அவருக்கு மறக்காத நாள் அது ஒன்றுதான் என்பது பின்னால்தான் புரிந்தது.

2007இல் வீட்டின் பின்கட்டுக்கு டைல்ஸ் போட்டோம். பழைய சிவப்புத் தரை பொரிந்து, கால் வைத்தால் சாயம் ஒட்டும் நிலையில் இருந்தது. உடைத்தெடுக்காமல் அதன் மேலேயே கலவை பரப்பிப் புதுத் தரை போடுவது என்று முடிவாயிற்று. அப்படிப் போட்டால் தரை ஒன்றரை அங்குலம், இரண்டு அங்குலம் உயரும். கதவுகளின் அடியை அறுக்க வேண்டும். கருங்கல் பலகையும் பள்ளத்துக்குள் போய்விடும். "இதை என்ன செய்வது?" என்று வேலைக்காரர்கள் கேட்டபோது வீட்டில் நான் மட்டும் இருந்தேன். வாசலிலிருந்து பின்கதவுவரை ஒரே சீராக, கண்ணாடிபோல் ஓடும் தரையை மனத்தில் வைத்துக்கொண்டு எத்தனையோ மாதங்கள் காத்திருந்தவள் நான். மூடிவிடச் சொன்னேன். எவரும் என்னை வற்புறுத்தவில்லை. அந்தச் சொல் என்னுடையதுதான். மாலையில் வந்து பார்த்த மாமனார் பளபளக்கும் தரையில் அந்த இடத்தைக் கண்களால் தேடினார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சித்திரையில் தரிசனம் முடிந்து வந்தவர் நேரே இலையில் உட்கார்ந்தார்.

2009 மார்கழியில் ஒரு விடியற்காலை. கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை தொடங்கியிருந்தது. கோலம் போடக் கதவைத் திறந்தவளின் காலில் குளிர்ந்த நீர் பட்டது. நடையில் டைல்ஸ் இடுக்குகளிலிருந்து தண்ணீர் ஊறி எழுந்துகொண்டிருந்தது. மண்ணுக்குள் துருப்பிடித்திருந்த இரும்புக் குழாய் விட்டுவிட்டது. பூசையறை மற்ற தரையைவிடச் சற்றுத் தாழ்வானது. தண்ணீர் அங்கேதான் முதலில் போயிற்று. கீழ்த்தட்டில் இருந்த தேவாரப் புத்தகங்களை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேனே தவிர, தண்ணீரை நிறுத்த எனக்கு ஒரு வழியும் இல்லை. நிறுத்தும் வழி என் காலடியில், நான் ஆசைப்பட்ட தரைக்குக் கீழே இருந்தது.

என் கணவர் வெளியூரில் இருந்தார். மகன் கல்லூரி விடுதியில். மாமனார் மாடிக்குப் போனார். தொட்டியின் வாயிலும் ஒரு வால்வு உண்டு. ஆனால் தொட்டி மாடியறைக்கு மேலே இருந்தது. சுவரோரத்து இரும்பு ஏணியில் ஏறித்தான் அதை எட்ட முடியும். பனியில் நனைந்த ஏணி, எழுபத்து மூன்று வயது. நாலாவது படியிலிருந்து விழுந்தார். வலக்கை மணிக்கட்டு முறிந்தது.

எலும்பு கூடியது, சற்றே வளைந்து கூடியது. எங்கள் வீட்டில் அவருடைய தந்தை காலத்திலிருந்து ஒரு சிறிய படிகலிங்கம் இருக்கிறது. நாள்தோறும் காலையில் அவர் செம்பை வலக்கையில் ஏந்தி, நூல்போல் நீர் விழ அபிஷேகம் செய்வார். அதன்பின் செம்பை இரண்டு கைகளாலும் பிடித்துச் செய்தார். தாரை நடுங்கி அறுந்து அறுந்து விழும். 2014இல் இறைவனடி சேரும்வரை என்னை அவர் ஒரு சொல் கேட்கவில்லை. மருத்துவமனையில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தபோது மட்டும், யாரிடமும் இல்லாமல் பொதுவாக, "மூடினதில் தப்பில்லை. ஒரு வழி வைத்து மூடியிருக்கலாம்" என்றார்.

அன்று குழியைக் கண்டுபிடிக்கப் புதுத் தரையில் மூன்று இடங்களை உடைத்தோம். மூன்றாவது இடத்தில்தான் கருங்கல் தட்டுப்பட்டது. அதற்குள் இரண்டாண்டு திருப்பப்படாத வால்வு இறுகிப்போயிருந்தது. பிளம்பர் திருகியபோது தண்டு முறிந்து கையோடு வந்தது. பல மாதங்கள் கழித்துப் பரணை ஒதுக்கும்போது ஒரு பழைய பாம்புப் பஞ்சாங்கம் கிடைத்தது. அதன் பின்னட்டை உட்புறத்தில் மாமனாரின் நேரான எழுத்தில் இரண்டு வரிகள்: சமையலறை நிலையிலிருந்து இத்தனை அடி, கிணற்றடிச் சுவரிலிருந்து இத்தனை அடி. எல்லாம் எழுதித்தான் வைத்திருந்தார். கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், சென்ற தை மாதம் வீட்டின் முன்கட்டுக்கும் தரை போட்டோம். திண்ணையை உள்ளே சேர்த்துக் கூடமாக்க வேண்டும் என்பது மகனின் விருப்பம். தெருவிலிருந்து வரும் குடிநீர்க் குழாய் தரைத்தொட்டிக்குப் போகும் வழியில், திண்ணைக்கு அடியில் ஒரு வால்வு இருக்கிறது. கூடம் வந்தால் அது கூடத்தின் நடுவே அமையும்.

"அம்மா, நாலுக்கு ரெண்டு டைல்ஸ் போடுறோம். நடுவுல ஒரு மூடி வந்தா நெத்தியில வடு மாதிரி தெரியும். மூடிடலாம். வேணும்னா அப்ப உடைச்சுக்கலாம்" என்றார் மேஸ்திரி. நல்ல வேலைக்காரர், மரியாதை தெரிந்தவர். அவர் தொழிலில் அது நியாயமான பேச்சுத்தான். மகனும், "தெருவிலேயே மூடிக்கொள்ளலாமே, அம்மா" என்றான். தெருவில் இருப்பது இணைப்பின் தலை. அதை நாம் தொடக்கூடாது, தொடவும் முடியாது, அதன்மேல் தார்ச்சாலை இரண்டு முறை போட்டாயிற்று. வீட்டுக்குள் தண்ணீரை நிறுத்த நமக்கென்று இருப்பது இந்த ஒன்றுதான்.

வடு என்ற அந்தச் சொல் என்னைத் தைத்தது என்றே சொல்ல வேண்டும். அன்றிரவு தூக்கம் வராமல், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கும்பாபிஷேகத்தின்போது அர்ச்சகர் ஒருவர் விளக்கிச் சொன்னதை நினைத்துக்கொண்டிருந்தேன். மூலவரைப் பீடத்தில் பொருத்துவது அஷ்டபந்தன மருந்தால். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் சேர்த்து, இளகி ஒன்றாகும்வரை இடித்து இடித்து எடுப்பார்கள். பீடத்துக்கும் திருமேனிக்கும் இடையிலுள்ள சந்தில் அதைத் திணித்தால் அபிஷேக நீர் உள்ளே இறங்காது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைக் களைந்து புதிதாகச் சாத்துகிறார்கள். மலையைக் குடைந்து கோயில் எடுத்தவர்களுக்கு, என்றைக்கும் அசையாதபடி சுண்ணக் காரையில் வைத்து அடைத்துவிடத் தெரியாதா? மெழுகும் வெண்ணெயும் சேர்த்தல்லவா அடைத்தார்கள்! நாளை ஒருவர் வந்து திறக்க வேண்டியிருக்கும் என்பது அவர்கள் கணக்கில் இருந்திருக்கிறது.

காஞ்சி அத்திவரதரையும் நினைத்தேன். அனந்தசரஸ் குளத்து நீருக்கு அடியில் துயில்பவர் நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்தருளுகிறார். 1979இல் என் மாமியார் தரிசித்தார். 2019இல் ஜூலை முதல் நாளிலிருந்து ஆகஸ்டு 17 வரை நாற்பத்தெட்டு நாள்களும் ஊரே காஞ்சிக்குத் திரண்டபோது நாங்களும் வரிசையில் நின்றோம். அந்தக் கோடைதான் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு, சென்னைக்குக் குழாயில் தண்ணீர் வராமற்போன கோடை. தெருவில் லாரிக்குக் குடம் வைத்தோம். வராத தண்ணீருக்கு வால்வு எதற்கு என்று திண்ணைக்கு அடியிலிருந்ததை எவரும் திருப்பவில்லை. மழை பெய்து மீண்டும் குழாயில் நீர் வந்தபோது அதன் பிடி அசைய மறுத்தது. முன்னோர் நாற்பது ஆண்டு மறக்காமல் இருந்திருக்கிறார்கள். நான் இரண்டாம் முறையாக ஓராண்டுக்குள் மறந்துவிட்டேன்.

காலையில் மேஸ்திரிக்குக் காப்பி கொடுத்துவிட்டுக் கேட்டேன்: "மூடி தெரியாமல் இருக்க வேண்டும், ஆனால் திறக்க வேண்டும். முடியுமா?" சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "டைல்ஸையே மூடியா பண்ணிடலாம்மா" என்றார். எவர்சில்வர் தட்டு ஒன்று உண்டு. கீழே சட்டம், மேலே தாம்பாளம் மாதிரி விளிம்புள்ள தட்டு. தட்டுக்குள் அதே டைல்ஸை அறுத்துப் பதித்துவிட்டால், தரையோடு தரையாக உட்கார்ந்துகொள்ளும். சுற்றிலும் மெல்லிய ஒரு கோடு மட்டும் தெரியும். பெரிய கட்டடங்களில் அப்படித்தான் செய்கிறார்களாம். எத்தனையோ வீடுகளுக்குத் தரை போட்டிருக்கிறார். வீட்டுக்காரர்கள் எவரும் கேட்டதில்லையாம்.

அதன்பின் வேலையில் நான் கொஞ்சம் தொந்தரவாகவே இருந்திருப்பேன். பழைய குழி ஒரு சாண் அகலம்தான். கை போகும், ஸ்பேனர் திரும்பாது. அதை உடைத்து உட்புறம் ஒன்றேகால் அடிச் சதுரமாக்கினோம். அடியில் காரை போடாமல் நாலங்குலம் ஜல்லி பரப்பச் சொன்னேன். கசிவு ஏற்பட்டால் தேங்காமல் மண்ணுக்குள் இறங்கட்டும். கேட் வால்வுக்குப் பதிலாகப் பித்தளையில் பால் வால்வு. அதற்குக் கால் சுற்றுப் போதும். பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிடி குறுக்கே திரும்ப இடம் வேண்டும். முதலில் சுவரில் இடித்தது, வால்வை ஓரங்குலம் தள்ளி வைத்தார்கள். வால்வின் இரு பக்கமும் யூனியன் போட்டுக்கொண்டோம். பின்னொரு நாள் வால்வு கெட்டால் குழாயை அறுக்காமல் கழற்றி மாற்றலாம். கலவை போடுமுன் வால்வை மூடி, தரைத்தொட்டியில் விழும் நீர் சொட்டுக்கூட இல்லாமல் நிற்கிறதா என்று பார்த்தோம். நின்றது. மூடிய பிறகு பார்ப்பதில் என்ன பயன்!

ஓர் இடத்தில் மட்டும் மேஸ்திரிக்கும் எனக்கும் வழக்கு. தட்டுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள சந்தை வெள்ளைச் சிமெண்டால் அடைக்க வேண்டும் என்றார் அவர். இல்லாவிட்டால் கரப்பான் வரும், தரை துடைக்கிற தண்ணீர் இறங்கும். அவர் சொன்னது சரிதான். அடைத்துவிட்டால் அடுத்த முறை உளியில்லாமல் திறக்காது என்பதும் சரிதான். கடைசியில் ரப்பர் பட்டை ஒன்றைச் சுற்றிலும் வைத்து, விளிம்பில் கிரீஸ் தடவினோம். "வெண்ணெய் தடவலாமா?" என்று கேட்டேன். கேலி என்று நினைத்துச் சிரித்தார். அஷ்டபந்தனத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எங்க ஊர் மாரியாத்தா கோயிலுக்கு மருந்து இடிக்கிறப்ப நானும் உலக்கை பிடிச்சிருக்கேன்மா" என்றார்.

மூடி பெரிய டைல்ஸின் நடுவில் வராமல், இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டில் ஒரு பக்கம் பொருந்துமாறு அவரே தரையின் போக்கை மாற்றிப் போட்டார். இப்போது கூடத்துக்கு வருகிறவர்களுக்கு அது தெரிவதில்லை. எனக்குத் தெரிகிறது. வெள்ளிக்கிழமைகளில் மருமகள் அதன் மேல் மாக்கோலம் போடுகிறாள். நான் சொல்லித் தரவில்லை, அந்தச் சதுரக் கோடு அவளுக்கு வசதியாக இருந்திருக்க வேண்டும்.

தரை மூடுமுன் அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்து மகன் குழியைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொண்டான். கைபேசி மாறும். நான் அந்தப் பழைய பஞ்சாங்கத்தை எடுத்து, மாமனாரின் இரண்டு வரிகளுக்குக் கீழே எழுதினேன்: வாசல் நிலையிலிருந்து 3 அடி 4 அங்குலம், வடக்குச் சுவரிலிருந்து 5 அடி. பின்கட்டில் 2009இல் புதிதாக வைத்த வால்வின் அளவையும் சேர்த்தேன். அவருடைய கையெழுத்துக்குக் கீழே என் எழுத்து சாய்ந்து சாய்ந்து போயிற்று. பஞ்சாங்கம் இப்போது பூசையறையில், படிகலிங்கப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது அங்கே இருப்பது மகனுக்கும் மருமகளுக்கும் தெரியும்.

சித்திரைச் சதயத்தன்று திருமுல்லைவாயிலுக்குப் போனோம். வெயில் ஏறிவிட்டது, ஆறு வயதுப் பேத்தி வரிசையில் நிற்க முடியாமல் என் தோளில் சாய்ந்துவிட்டாள். உள்ளே நெருங்கியதும் தூக்கிக் காட்டினேன். "சாமிக்கு வலிக்குதா, பாட்டி?" என்று கேட்டாள். "சந்தனம் சாத்துவார்கள், சரியாகிவிடும்" என்றேன்.

வீட்டுக்கு வந்து, இலை போடுமுன், கூடத்து மூடியைக் கொக்கி போட்டுத் தூக்கினோம். பேத்தி குப்புறப் படுத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். ஜல்லியின்மேல் ஒரு சிறு தேரை உட்கார்ந்திருந்தது; எப்படி வந்தது என்று மேஸ்திரியைத்தான் கேட்க வேண்டும். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம். தரைத்தொட்டியில் நீர் விழும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. பிடியைக் காட்டி, "குறுக்கே திருப்பு" என்றேன். இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்பினாள்.

"நின்றுவிட்டதா?" என்று கேட்டேன்.

தொட்டிப் பக்கம் காதைக் கொடுத்துச் சற்று நேரம் கேட்டுவிட்டு, "நின்னுடுச்சு, பாட்டி" என்றாள்.